வீரபாண்டிக்கு வராத அத்தை

சித்திரை மாதத்தில் முல்லையாற்றங்கரையிலே வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நடக்கும்போது, கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டைக் காவல் காப்பதற்குக்கூட ஆள் அகப்படுவது அரிது. கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் ஜனங்கள் பஸ்ஸிலும் வேனிலும் டிராக்டரிலும் வந்து குவிகிறார்கள். இராப்பகல் என்று பாராமல் தீச்சட்டிகள் வந்துகொண்டேயிருக்கும். என் தகப்பனாரின் தமக்கை, சின்னமனூரில் இருக்கும் என் அத்தை, 22 வருஷம் விடாமல் தீச்சட்டி எடுத்தவள். மஞ்சள் சேலை உடுத்தி, வேப்பிலைக் கொத்துடன் அவள் சட்டி ஏந்தி வருகையில், எங்கள் குடும்பத்துச் சிறுவர் சிறுமியர் எல்லோரும் பெருமையுடன் பின்னால் ஓடுவோம்.

ஒரு வருஷம் அத்தை வரவில்லை. மறு வருஷமும் வரவில்லை. மூன்றாம் வருஷம் அவளை யாரும் கூப்பிடவேயில்லை. தம்பி மனைவியோடு ஏதோ மனஸ்தாபம் என்றார்கள் சிலர். முழங்கால் வலி என்றார்கள் சிலர். "ஆத்தா மேலே இருந்த பக்தி போய்விட்டது" என்று கூடச் சொன்னவர்கள் உண்டு. அத்தை எதற்கும் பதில் சொல்லவில்லை. கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு எதற்கும் அவள் போகாமலாகி, வாசல் திண்ணையும் கொல்லைப்புறமுமே அவளுடைய உலகமாகச் சுருங்கிப் போயிற்று.

உண்மை எனக்குத் தெரிய வந்தது ஓர் இரவில். மின்சாரம் நின்றுபோயிருந்தது. இருவரும் திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். முகம் தெரியாத இருட்டில் வாய் திறப்பது எளிது போலும்.

"தும்முனா வந்துருது, இருமுனா வந்துருது. சட்டியத் தூக்குனா கேக்கவே வேணாம். அந்த ஈரச் சேலையோட ஆத்தா முன்னால எப்படிம்மா நிக்கிறது?" என்றாள் அத்தை.

"எத்தனை வருஷமா, அத்தை?"

"ஒம்பது."

ஒன்பது வருஷம்! கூடவே இருந்த மாமாவுக்குத் தெரியாது. பெற்ற மகளுக்குத் தெரியாது. நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, என்னிடமும் அதே இரகசியம் இருப்பதைச் சொன்னேன். இரண்டாவது குழந்தை பிறந்தது முதல் எனக்கும் அப்படித்தான். வகுப்பில் சுண்ணக்கட்டித் தூளால் தும்மல் வந்தால், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால்களைப் பின்னி நிற்பேன். கறுப்பும் கருநீலமுமாக நான் சேலை வாங்குவதைப் பார்த்து, "டீச்சருக்கு வெளிர் நிறமே பிடிக்காது" என்று மாணவிகள் பேசிக்கொள்வார்கள். எனக்கு வெளிர் மஞ்சள்தான் பிடிக்கும்.

நான் பட்டதாரி. பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு விஞ்ஞானப் பாடம் நடத்துகிறவள். சுவரில் படம் மாட்டி, சிறுநீரகம், சிறுநீர்க் குழாய், சிறுநீர்ப்பை என்று பிரம்பால் தொட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தப் பையைக் கீழிருந்து தாங்கும் தசை மட்டும் அந்தப் படத்தில் இல்லை. அதைப் பற்றி யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. நானும் யாருக்கும் கற்பிக்கவில்லை. ஒரே ஒரு தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரியில் (ஊரும் பேரும் வேண்டாம்) கேட்டேன். "இரண்டு பிள்ளை பெற்றவர்தானே? இதெல்லாம் சகஜம்" என்று சொல்லி, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டு விட்டார்கள்.

சகஜம் என்பது மெய்தான். கணக்குகள் தேசத்துக்குத் தேசம் வேறுபட்டாலும், வயது வந்த ஸ்திரீகளில் நாலில் ஒருத்திக்கோ மூன்றில் ஒருத்திக்கோ வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கஷ்டம் வருகிறதென்று உலகெங்கும் வைத்தியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பல் சொத்தையும் சகஜம்தான். அதற்காகச் சொத்தைப் பல்லோடு காலந்தள்ளு என்று யாராவது புத்தி சொல்வார்களா?

இனி, அந்தச் சுவர்ப் படத்தில் விட்டுப்போன பாகத்தைச் சொல்லுகிறேன். இடுப்பெலும்பின் முன்புறத்திலிருந்து முதுகெலும்பின் நுனி வரையில், குழந்தைக்குக் கட்டும் தூளியைப்போல, ஒரு தசைத் தளம் அமைந்திருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் அந்தத் தூளியின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் வாயில்களும் அதன் ஊடாகவே வெளி வருகின்றன. ஆண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் பாதை சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கோ 4 சென்டிமீட்டர்தான். ஆகவே, பாதையை மூடி வைக்கும் வேலையில் பெரும்பங்கு அந்தத் தூளியின் பலத்தைப் பொறுத்தது. பெரியாற்றுத் தண்ணீரால் பிழைக்கும் நம் பள்ளத்தாக்கு வாசிகளுக்கு இதை விளக்குவது சுலபம். சிறுநீர்ப்பை என்பது ஒரு தேக்கம். அதற்கு ஒரு மதகு உண்டு. ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி லிட்டர் வரையில் அது கொள்ளும். பாதி நிறைவதற்கு முன்பே, "கவனம்" என்று மூளைக்கு முதல் செய்தி போகிறது. உடனே எழுந்து ஓட வேண்டியதில்லை, சாவகாசமாகப் போகலாம். ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுத் தடவை போவது இயற்கை.

கோளாறு இரண்டு விதமாக நேர்கிறது. மதகு தளர்ந்து போனால், இருமல், தும்மல், சிரிப்பு, பாரம் தூக்குதல் முதலியவற்றால் வயிற்றில் அழுத்தம் ஏறும்போதெல்லாம் கொஞ்சம் கசிந்துவிடும். அத்தைக்கும் எனக்கும் முக்கியமாக இருந்தது இதுதான். மற்றொரு விதத்தில் மதகு சரியாக இருந்தாலும், தேக்கம் தன்னிச்சையாகச் சுருங்குகிறது. திடீரென்று அவசரம் பிடிக்கும். கழிப்பிடத்தின் கதவைத் தொடுவதற்குள் காரியம் மிஞ்சிவிடும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே சிலருக்கு இந்த அவசரம் வந்துவிடுகிறது. இரண்டும் கலந்திருப்பதும் உண்டு; வயதானவர்களிடம் அதுதான் அதிகம். இவை தவிர, பை முழுதும் காலியாகாமல் நிரம்பி வழிகிற நிலை ஒன்றும் உண்டு. நாட்பட்ட நீரிழிவினால் நரம்பு கெட்டவர்களுக்கு அப்படி வரலாம்.

இவை எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. பிரஸவ வேதனை நாட்கணக்கில் நீடித்து, குழந்தையின் தலை ஒரே இடத்தில் அழுத்தி, பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையே சதை அழுகி ஓட்டை விழுந்துவிடுவது அது. அப்படிப்பட்டவர்களுக்கு நீர் சொட்டிக்கொண்டேயிருக்கும். பெரும்பாலும் ரணசிகிச்சைதான் வழி. எதியோப்பியா தேசத்தில் ஹாம்லின் தம்பதிகள் 1974-ல் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். 2019-21 தேசியக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரஸவங்கள் தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரியிலேயே நடப்பதால், இந்தக் கொடுமை இங்கே அரிதாகிவிட்டது. கர்ப்பப்பை ரணசிகிச்சைக்குப் பிறகு எப்போதாவது இப்படி நேர்வதுண்டு. ஓயாமல் சொட்டினால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

மதகு தளர்வதற்குக் காரணங்கள் பல. பிரஸவம் முதற்காரணம். பெரிய குழந்தை, நீடித்த வேதனை, ஆயுதப் பிரஸவம் ஆகியவை தளத்தை அதிகமாக இழுத்துவிடும். மாதவிடாய் நின்ற பிறகு அங்குள்ள சதைகள் மெலிகின்றன. தேகம் பருத்தல், ஓயாத இருமல், மலச்சிக்கல், பாரம் சுமத்தல் எல்லாம் கூடச் சேர்ந்துகொள்கின்றன. நம் பக்கத்தில் பிரஸவித்தவளின் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுவார்கள். இடுப்புக்கு ஆறுதலாக இருக்கலாமே தவிர, அதனால் கீழுள்ள தளம் பலப்படுவதில்லை. தாய் வீட்டிலே ஓய்வெடுக்க வசதியுள்ளவள் பாக்கியவதி. நாற்று நடவு தொடங்கிவிட்டதென்று இரண்டு மாதக் குழந்தையை வரப்பிலே கிடத்திவிட்டு, நாற்றுமுடி சுமக்கிறவர்களை உத்தமபாளையம் வயல்களில் நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்த ஜில்லாவில் இந்த வியாதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வயலோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. மலைக்குப் போக வேண்டும். பொழுது விடியுமுன்பே கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் போய் வரும் நம் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு மலை ஏற்றம். பகல் முழுதும் குனிந்தபடியே காய் எடுப்பு அல்லது களையெடுப்பு. சாயங்காலம் மறுபடி அதே குலுக்கல். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் அப்படிப் போகிறவள். பள்ளிக்கூடத்துக்கு வந்தவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று மறுத்தாள்.

"வேலைக்குப் போற நாள்ல காலையில காப்பித்தண்ணிகூடக் குடிக்கிறதில்ல, டீச்சர். பழகிப்போச்சு. குடிச்சுட்டு எங்க போறது? ஜீப்ப நிறுத்தச் சொல்ல முடியுமா? காட்டுக்குள்ள செடி மறைவுல உக்காந்தா அட்டை ஏறுது. ஆம்பளைக வேற பக்கத்துல நிக்கிறாக."

இந்த நாலு வாக்கியத்திலே வியாதியின் பாதிச் சரித்திரம் அடங்கியிருக்கிறது. தண்ணீர் குடிக்காவிட்டால் கசியாது என்று இவர்கள் எண்ணுகிறார்கள். என் அத்தையும் அப்படித்தான் எண்ணினாள், நானுங்கூட. நடப்பதோ நேர்மாறு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, மஞ்சள் முற்றி, பையின் உட்சுவரை உறுத்துகிறது. உறுத்தப்பட்ட பை அடிக்கடி சுருங்குகிறது. மலமும் இறுகுகிறது, முக்கி முக்கி வெளியேற்றுவதால் தளம் மேலும் தளர்கிறது. மணிக்கணக்கில் அடக்கி வைப்பதால் கிருமிகள் பெருகி எரிச்சல் காண்கிறது. கசிவுக்குப் பயந்து தண்ணீரை விட்டவள் கசிவையே வளர்த்தவளாகிறாள்.

இதிலே பெண்களின் அறியாமையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தோட்டத் தொழிலாளர்களுக்கு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கழிப்பிடம் அமைத்துத் தர வேண்டும் என்று 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. ஏலத்தோட்டங்களும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தன. 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே கடமையை முதலாளிமார் தலையில் சுமத்துகிறது. சட்டம் புஸ்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. காய் எடுக்கிற இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு கதவு இருக்கிறதா என்பதல்லவா கேள்வி? கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் திருஷ்டாந்தம் உண்டு. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்த பெண்கள், கழிப்பிடம் இல்லாத காரணத்தால் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். விஜி என்னும் தையற்காரப் பெண்மணியின் தலைமையில் 'பெண்கூட்டு' என்று சங்கம் வைத்து, முதலில் கழிப்பிடம் கேட்டார்கள். பிறகு உட்காரும் உரிமையும் கேட்டார்கள். 2018-ல் கேரள அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடைச் சிப்பந்திகளுக்கு உட்காரும் உரிமை தந்தது. நம் மலைத் தொழிலாளிகள் அன்றாடம் போய் வருவது அதே கேரளத்துக்குத்தான்.

வீட்டில் செய்யக்கூடியது என்ன என்று சகோதரிகள் கேட்பார்கள். அதற்கு வருகிறேன்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஸ்திரீ வைத்தியர் ஆர்னால்டு கெகல் என்பவர், பிரஸவத்தினால் தளர்ந்த இந்தத் தளத்தைக் கத்தியின்றிப் பயிற்சியால் பலப்படுத்த முடியுமென்று 1948-ல் எழுதினார். அன்று முதல் அவர் பெயராலேயே அந்தப் பயிற்சி வழங்குகிறது. மருந்து கிடையாது, செலவு கிடையாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. முதலில் தசையைக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூட வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோரும் மௌனமாக நிற்கும் வேளையில் வாயு பிரியப் பார்க்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன செய்வீர்கள்? பின்புறத்தை உள்ளிழுத்து மேலே தூக்குவீர்கள். அதோடு சிறுநீரை நிறுத்துவது போல் முன்புறத்தையும் சேர்த்துத் தூக்குங்கள். அதுதான் அந்தத் தசை. வயிறு எக்கக்கூடாது, தொடையும் புட்டமும் இறுகக்கூடாது, மூச்சு நிற்கக்கூடாது. சிலர் கீழ் நோக்கி முக்குகிறார்கள். அது இருக்கிற பலத்தையும் கெடுத்துவிடும். ஓடுகிற சிறுநீரை நடுவில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஒரு முறை போதும். அதையே பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்து எண்ணும் வரையில் தூக்கிப் பிடித்து, ஐந்து எண்ணும் வரையில் முழுதும் தளர விடுங்கள். இப்படி எட்டு முதல் பத்துத் தடவை. நாளைக்கு மூன்று வேளை. நாளாக ஆக ஐந்தைப் பத்தாக உயர்த்தலாம். முதலில் படுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்றபடி. என் அத்தை இதற்குப் பஞ்சாங்கமே வகுத்துவிட்டாள். விழித்ததும் பாயில் ஒரு தரம், உலை கொதிக்கும்போது ஒரு தரம், தொலைக்காட்சி நாடகத்தில் விளம்பரம் வரும்போது ஒரு தரம். ஒரு வாரத்தில் பலனை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். குறைந்தது மூன்று மாதம் வேண்டும். முதல் மாதத்தில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றிருந்தேன். அத்தைதான் விடவில்லை. கர்ப்ப காலத்திலேயே தொடங்கினால், பின்னால் கசிவு வரும் வாய்ப்பைக் குறைக்கலாம். சீமந்தத்துக்கு வளையல் அடுக்குகிறவர்கள், பெண்ணின் காதில் இந்த ஒரு வார்த்தையையும் போட்டு வைத்தால் புண்ணியம்.

இந்தப் பயிற்சியிலே இன்னொரு யுக்தியும் உண்டு. 1998-ல் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலைக்காரர்கள் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தும்மலோ இருமலோ வருகிறது என்று தெரிந்த அந்தக் கணத்தில், தும்முவதற்கு முன்பே தளத்தைச் சட்டென்று தூக்கிப் பிடித்துக்கொள்வது. வெள்ளம் வருமுன் மதகை இறக்குகிற காரியம்தான். குடம் தூக்குமுன், கட்டிலிலிருந்து எழுமுன், பேரக் குழந்தையை எடுக்குமுன் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அவசரம் பிடிக்கிற இரண்டாவது விதக்காரர்களுக்கு வேறொரு பயிற்சி. மூன்று நாள், எத்தனை மணிக்குப் போனோம், என்ன குடித்தோம், எப்போது கசிந்தது என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வாருங்கள். மணிக்கு ஒரு தடவை போகிறவர் என்று தெரிந்தால், அதை ஒன்றேகால் மணியாக்குங்கள். அவசரம் வந்தால் ஓடாமல், அசையாமல் உட்கார்ந்து, தளத்தை நாலைந்து தடவை சுருக்கி, மனத்தை வேறு பக்கம் திருப்புங்கள். அலை எழுந்து அடங்குவதுபோல் அது அடங்கும். பிறகு நிதானமாக எழுந்து போகலாம். வாரம் ஒரு முறை கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால், ஆறு வாரத்திலிருந்து குணம் தெரியத் தொடங்கும். இங்கே ஒரு சந்தேகம் எழலாம். உடலின் பதினான்கு வேகங்களை அடக்கலாகாது என்று சித்த வைத்தியம் சொல்லுகிறதே. சிறுநீர் அவற்றில் ஒன்றல்லவா? ஆம். நிறைந்த பையை அரை நாள் அடக்குவதைத்தான் அந்த சாஸ்திரம் தடுக்கிறது. ஜீப்பிலே மலைக்குப் போகிறவள் செய்வது அது. நிறையாத பை பொய்யாக எழுப்பும் கூச்சலுக்குச் சற்றே செவிசாய்க்காமல் இருப்பது வேறு விஷயம்.

தண்ணீரைக் குறைக்க வேண்டாம். நாளைக்கு ஆறு முதல் எட்டு டம்ளர் தேவை, கம்பத்து வெயிலில் பாடுபடுகிறவர்களுக்கு அதற்கு மேலும் தேவை. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதுமென்று பொருள். குறைக்க வேண்டியது காப்பியும் டீயும்தான். இதைச் சொல்லும்போது என் கை நடுங்குகிறது. தேனி ஜில்லாக்காரி காப்பியை விடுவதாவது! நான் நாலு தம்ளரை இரண்டாக்கினேன். இருட்டிய பிறகு அதிகமாகக் குடிக்காதிருப்பதும் நல்லது. கீரை, கேழ்வரகு, பழங்களால் மலச்சிக்கல் நீங்கும். தேகம் பருத்தவர்கள் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைத்ததும், வாரத்தில் நேரும் கசிவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2009-ல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று.

அதுவரையில் நனைகிறதை என்ன செய்வது? மாதவிடாய்க்கு விற்கும் பட்டைகள் சிறுநீரைச் சரியாக உறிஞ்சுவதில்லை. இதற்கென்றே தனிப் பட்டைகள் மருந்துக் கடையில் இருக்கின்றன, விலைதான் அதிகம். பழைய பருத்தித் துணியே போதும்; ஆனால் சோப்பிட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். யாரும் பார்த்துவிடக்கூடாதென்று கட்டில் அடியிலும் சேலை மறைவிலும் காய வைக்கிறார்களே, அதனால்தான் அரிப்பும் புண்ணும் வருகின்றன.

வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கழிப்பிடம் கொல்லைக் கடைசியில் இருட்டிலே இருந்து, முழங்கால் வலியோடு பாட்டி அங்கே போய்ச் சேருமுன் நனைந்துவிட்டால், அது பாட்டியின் வியாதியல்ல, வீட்டின் வியாதி. வழியில் ஒரு விளக்கு, சுவரில் ஒரு பிடி, உயரமான ஓர் இருக்கை: இவற்றுக்கு எந்த டாக்டரும் வேண்டியதில்லை.

டாக்டர் வேண்டிய சமயங்களும் உண்டு. சிறுநீரில் இரத்தம், எரிச்சல், காய்ச்சல், அடி வயிற்றில் வலி, திடீரென்று கால் மரத்துப் போய்க் கசிதல், ஓயாத சொட்டு, கீழே ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்ச்சி — இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுப் பயிற்சியை நம்பி உட்காரலாகாது. கடைசியாகச் சொன்னதைக் கிராமத்தில் 'அடி தள்ளுதல்' என்கிறார்கள். அதற்கு ரப்பர் போன்ற வளையம் ஒன்றை உள்ளே பொருத்தித் தாங்கி நிறுத்தலாம். வேண்டுமானால் ரணசிகிச்சையும் உண்டு. அவசரக் கசிவுக்கு மாத்திரைகள் இருக்கின்றன. சிலவற்றால் வாய் உலரும். தளர்ந்த மதகுக்கும் பயிற்சி பலிக்காவிட்டால் ரணசிகிச்சை செய்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை: "பிள்ளை பெற்றாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் உடனே சம்மதித்துவிடாதீர்கள். கசிவு கர்ப்பப்பையின் குற்றமல்ல. அதை எடுப்பது கசிவுக்குச் சிகிச்சையும் அல்ல. எடுத்த பிறகு சிலருக்குக் கசிவு அதிகமாவதும் உண்டு.

டாக்டரிடம் சொல்ல வெட்கம் என்பீர்கள். இந்த வெட்கத்துக்கு நம் நாட்டில் நீண்ட சரித்திரம் உண்டு. வெள்ளைக்கார வக்கீல் ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப், ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்ட மாட்டாமல் நம் ஸ்திரீகள் மடிவதைக் கண்டு மனம் பொறாமல், 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் நான்கு பெண்களில் அவர் ஒருவர். 1885-ல் அவர் முயற்சியால் பெண்களுக்கென்று ஏற்பட்டதுதான் கோஷா ஆஸ்பத்திரி. திருவல்லிக்கேணியில் அது இன்று கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பெண் டாக்டர் இல்லை. நமக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பெண் டாக்டர் இருக்கிறார். கானாவிலக்கில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2021 முதல், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஊழியர்கள் வாசலுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்களும் பெண்கள்தான். அவர்களிடம் இதையும் சொல்லலாமே! "தும்மினால் நனைகிறது." இரண்டே வார்த்தை.

அத்தையை நான் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பரிசோதித்ததில், அவளுக்கு நீரிழிவு இருப்பது அன்றுதான் வெளிப்பட்டது. ஒன்பது வருஷம் மறைத்ததில் அதையும் சேர்த்தே மறைத்திருக்கிறாள்! மாத்திரை தொடங்கினார்கள். இரவில் ஐந்து தடவை எழுந்தவள் இரண்டு தடவை எழுகிறாள். பயிற்சியை டாக்டரே கை வைத்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். எங்கள் இருவரில் தப்பாகச் செய்துகொண்டிருந்தவள் நான்தான் என்பது அப்போது தெரிந்தது.

இந்தச் சித்திரையில் அத்தை வீரபாண்டிக்கு வந்தாள். தீச்சட்டி எடுக்கவில்லை, அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை என்று சொல்லி மாவிளக்கு மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒரு துணி பத்திரத்துக்காக வைத்திருந்தாள். முன்பெல்லாம் வெளியே கிளம்புமுன் நாலு தடவை கொல்லைக்குப் போவாள். இந்தத் தடவை வேன் ஏறுமுன் ஒரே தடவைதான் போனாள். சந்நிதியில் வெகு நேரம் நின்றாள். பிறகு, பேத்தியை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு நாங்கள் கீழே நின்றபோது, ஆயிரம் பேர் கிளப்பிய புழுதி முகத்தில் அடித்தது. அத்தையின் மூக்கு சுருங்கிற்று. கண நேரம் அவள் மூச்சு விடாமல் நின்றதை, அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் கவனித்திருப்பேன். பிறகு அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்க்கும்படி ஒரு தும்மல் தும்மினாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வரல" என்றாள் அத்தை.